தேர்ப் பாட்டில் புது அடி

இரண்டு கைகளையும் வீசியபடி தையல்காரி கூட்டத்துக்குள் புகுந்ததைப் பார்த்து, அவளும் ஆட வந்துவிட்டாள் என்று பெண்கள் சிரித்தார்கள். முக்காடு நழுவித் தோளில் கிடந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை.

மாதா தேருக்கு முன்னால் பாட்டுக்காரர் பாடிக்கொண்டிருந்தார். வருஷா வருஷம் அதே மாதா கோயில் திருவிழாப் பாட்டுதான். ஆனால் அன்று நடந்ததை வைத்து அங்கேயே ஒரு புது அடி கட்டிவிடுவார். அதற்காகவே ஜனம் காத்துக்கிடக்கும்.

"மாதா தேரு மேக்கே போச்சு,
முக்காடு ஒண்ணு கிழக்கே போச்சு;
ரொட்டிக்காரன் வண்டியிலே
பெத்தவன் மானம் ஏறிப் போச்சு!"

முக்காட்டில் முகம் மறைத்த ஒரு பெண், ரொட்டி வண்டிக்காரனோடு ஏறிப் போனதைச் சிலர் பார்த்திருந்தார்கள். யாரென்று ஊருக்குத் தெரியாது. வீட்டில் மகளுடைய பெட்டி காலியாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டு ஓடிவந்த தையல்காரிக்கு மட்டும்தான் தெரியும்.

ஒலிபெருக்கிக்காரன் வெளியூர் ஆள். பாட்டை நிறுத்தச் சொல்லி அவன் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். ஏன் என்று கேட்டான். "நிறுத்துப்பா" என்றே மறுபடியும் சொன்னாள்.

"நல்லாத்தானே போகுது அக்கா. நீங்களும் பாடுங்க" என்றான்.

ஒயரைப் பிடுங்கிப் போட்டாள். ஒலிபெருக்கி ஓய்ந்தது, பாட்டு ஓயவில்லை. மைக் இல்லாத குறையைத் தீர்ப்பதுபோல ஊரே தொண்டை கிழியப் பாடியது. தேர் தூக்கியவர்கள், குழந்தைகள், காலையில் அவளிடம் ரவிக்கை வாங்கிப் போனவள்கூட. எத்தனை வாயைத்தான் பொத்துவாள்? தேரின்மேல் கைகுவித்து நின்ற மாதாவைப் பார்த்து, "தாயே" என்றாள். அது அவள் காதுக்கே கேட்கவில்லை.

பாட ஆரம்பித்துவிட்டால் அந்த மனுஷனுக்குச் சோறு தண்ணி நினைப்பே வராது. அவள் அறியாததா? முட்டி மோதிப் போய்ப் பாட்டுக்காரரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

வியர்வை வழியும் முகத்தோடு அவர் திரும்பினார். கண்ணில் அப்படி ஒரு சந்தோஷம்.

"அடுத்த அடியில அப்பன் பேரையும் சேத்துட்டா ஜோரா இருக்கும். அது யாரு பொண்ணுன்னு தெரிஞ்சுதா?"

சுற்றிலும் ஊர் கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தது. அவள் அவர் காதருகே குனிந்தாள்.

"நம்ம பொண்ணுதாங்க."