சாமிக்கண்ணு பொன்னி

காட்டுமன்னார்கோயிலில் இருக்கும் என் ஆலையின் அரிசி மூட்டைகளில் ‘சாமிக்கண்ணு பொன்னி’ என்று என் பெயர்தான் இருக்கும். சிதம்பரத்தில் ஒரு பையன் அதே பெயரில் அரிசி விற்கத் தொடங்கினான். கடலூர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டேன்.

“அது அவன் சொந்தப் பேராம். சொந்தப் பேர்ல நேர்மையா வியாபாரம் பண்ணச் சட்டத்துல இடம் இருக்குங்க ஐயா,” என்றார் என் வக்கீல் அறிவுமதி.

“இந்தக் காலத்துல எவன் பிள்ளைக்குச் சாமிக்கண்ணுன்னு பேர் வைக்கிறான்? என் பேரைத் திருடத்தான் மாத்தியிருப்பான். கூண்டுல ஏத்திக் கேளுங்க.”

கேட்டார்.

“பொறந்தப்போ வச்ச பேருங்க. அம்மாவோட அப்பா பேரு,” என்றான் பையன்.

“நம்பாதீங்க. அத்தாட்சி கேளுங்க,” என்று வக்கீலிடம் முணுமுணுத்தேன்.

“அதனாலயே அம்மா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. ‘அப்பா’ன்னுதான் கூப்பிடுவாங்க. வேணும்னா அவுங்களையே கேளுங்க.”

அவன் கைகாட்டிய கடைசி பெஞ்சில், சாதி மாறிக் கட்டிக்கொண்டாள் என்று நான் தலைமுழுகிய மகள் பவானி உட்கார்ந்திருந்தாள்.

“அந்தத் தாத்தா யாருன்னு கேட்டுடட்டுங்களா ஐயா?” என்று வக்கீல் என் பக்கம் குனிந்தார்.

“ஒண்ணும் கேக்க வேணாம். உக்காருங்க,” என்றேன்.