கொடுக்கிற பக்கம்

"பார்க்குல நாய்ப் பீ அள்ளச் சொல்லுங்க பாஸ், அள்றேன். உணவு வங்கிக்கு மட்டும் வேண்டாம்!" என்று கெஞ்சினான் ட்ரெவர்.

மேற்பார்வையாளர் நைஜல் வேனை நிறுத்தவில்லை. "எனக்கு மட்டும் ஆசையாடா? ஊருக்கு இலவசமா தொண்டு செய்வோம்னு எழுதிக் கொடுத்துத்தான் நம்ம கம்பெனி கவுன்சில்கிட்ட பள்ளிக்கூடம் சுத்தம் பண்ற காண்ட்ராக்டையே வாங்கிச்சு. இன்னைக்கு ஆளைக் காட்டலைன்னா நம்ம ரெண்டு பேர் வேலையும் போச்சு. ஃபோட்டோ வேற எடுக்கறாங்க."

ஃபோட்டோ என்றதும் ட்ரெவர் தொப்பியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டான்.

இங்கிலாந்தின் பர்ன்லி நகரில் மழை கொட்டியது. இல்லாதவர்களுக்கு இலவசமாக உணவுப் பொருள் கொடுக்கும் அந்தத் தேவாலயக் கூடத்துக்குள் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி பீன்ஸ் டின்களை அடுக்கினான் ட்ரெவர். நைஜலோ அந்த இருட்டிலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை.

உணவு வங்கியை நடத்தும் பெரில் அம்மாள் ட்ரெவரின் முதுகில் தட்டினாள். "என்ன கண்ணு, வியாழக்கிழமைதானே உன் முறை? பிள்ளைங்களுக்குச் சாப்பாடு தீர்ந்துடுச்சா?"

ட்ரெவர் நைஜல் பக்கம் திரும்பினான். "கம்பெனி தர்ற சம்பளம் வாடகைக்கே பத்தலை பாஸ். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க..."

நைஜல் கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டான். பெரில் அம்மாள் அவனை உற்றுப் பார்த்தாள்.

"அட நைஜல்! நீ செவ்வாய்க்கிழமைதானே வருவே?"

வாசலில் கேமராக்காரர் உற்சாகமாகக் குரல் கொடுத்தார். "கொடுக்கறவங்க இந்தப் பக்கம் வாங்க, வாங்கறவங்க அந்தப் பக்கம் நில்லுங்க!"

இருவரும் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.