மாத்தி எடுத்துராதீங்க

அடுப்படிக்குள் எட்டிப் பார்த்த சென்னியப்பனுக்குப் பகீரென்றது. மருமகள் தாரணி ஐஸ் போட்ட பாலின் மேல் எதையோ ஊற்றிக்கொண்டிருந்தாள். தென்னைக்குப் பூசுகிற மயில்துத்த விஷத்தைக் கரைத்த மாதிரி அது அப்படியே நீலமாக இருந்தது.

தோப்பை விற்க மாட்டேன் என்று காலையில்தான் அவளிடம் கத்தியிருந்தார்.

"என்ன அம்மணி அது?"

"சங்குப்பூ டீ லாட்டேங்க மாமா. போன்ல பாத்துச் செஞ்சனுங்க."

இத்தனை வருசமாக வேலியில் சங்குப்பூ பூக்கிறது. அதில் எவளாவது டீ போட்டதுண்டா?

இரண்டு கண்ணாடி டம்ளர்களைக் கூடத்துக்குக் கொண்டுவந்து, ஒன்றை அவர் முன்னால் வைத்தாள். "இது உங்களுதுங்க. மாத்தி எடுத்துராதீங்க."

மாத்தி எடுத்தால் என்ன ஆகுமாம்?

"தொட்டுக்க முறுக்கு இருந்தா எடுத்துட்டு வா கண்ணு."

அவள் உள்ளே போனதும் டம்ளர்களை இடம் மாற்றி வைத்தார். தாரணி முறுக்கோடு வந்து உட்கார்ந்ததும், அவளைப் பார்த்துக்கொண்டே தன் கையிலிருந்ததை ஒரே மூச்சில் குடித்து முடித்தார். இனிப்பில் பாயசம் தோற்றது.

தாரணி ஒரு வாய் குடித்தாள். முகம் சுளித்தாள். டம்ளரைச் சட்டென்று கீழே வைத்தாள்.

"மாட்டிக்கிட்டயா?" சென்னியப்பன் துள்ளி எழுந்தார். "சொல்லு, அதுல என்னத்தக் கலந்தே?"

"ஒண்ணுமே கலக்கலீங்க மாமா! உங்களுக்குச் சுகருன்னு அதுல சக்கரகூடப் போடலீங்க." சொல்லும்போதே அவள் பார்வை அவர் டம்ளருக்குப் போனது. "ஐயோ, அப்ப என்ற டம்ளரையா குடிச்சீங்க?"

சென்னியப்பன் கையிலிருந்த காலி டம்ளரைக் குனிந்து பார்த்தார். கரையாத சர்க்கரை அடியில் ஒரு விரற்கடை நின்றது.