ஏழாவது போத்தல்

“இது ஏழாவது போத்தல், தம்பி. இனியும் நிண்டா நான் என்னதான் செய்யிறது?”

நோபேட் காலிப் போத்தலை மேசைமேல் வைத்தார். டீசலுக்குள் ஊற்றுகிற மருந்து. தண்ணீரை எடுக்கும், குளிரில் டீசல் உறையாது, எஞ்சின் புதுசு மாதிரி ஓடும் என்று லேபிளில் போட்டிருந்ததை அவர் வரிக்கு வரி நம்பியிருந்தார்.

பழனிவேல் காருக்கு அடியிலிருந்து தலையை நீட்டினார். ஈப்போக்காரர், காரைக் ‘காடி’ என்பவர். தகனினி புறநகரில் சின்னதாக ஒரு கராஜ் வைத்திருந்தார்.

“அண்ணே, காடிக்கு ஊத்தின மருந்த நீங்க குடிச்சிருந்தா, நீங்களே மனுகாவுக்கு வேலைக்கு ஓடிப் போயிருக்கலாம்லா.”

நோபேட்டுக்குச் சிரிப்பு வரவில்லை. நேற்று விடியற்காலையும் மோட்டார்வேயில் கார் நின்றது. ஐந்து மணி ஷிப்டுக்கு ஆறரைக்குப் போய்ச் சேர்ந்தார். சூப்பர்வைசர் கத்தக்கூட இல்லை. “திங்கட்கிழமையும் பிந்தினால் வராதே” என்று மட்டும் சொன்னான். அந்த நேரத்துக்கு பஸ்ஸும் இல்லை, ரயிலும் இல்லை.

வேலை போனால் வேறு வேலை தேடலாம். ஆனால் இந்த மாதத்துக்குள் வேலைக் கடிதத்தை இமிகிரேஷனில் கொடுத்தால்தான் மகள் ரேச்சலுக்கு விசா. அவள் இரண்டு வருடமாக மடு மாதா கோயில் அகதி முகாமில் இருக்கிறாள். தறப்பாளால் மூடிய கொட்டில். அங்கிருந்து வரும் கன்னியாஸ்திரி ஒருவர் கொழும்பில் தபாலில் போட்டால்தான் கடிதம். ஒவ்வொரு கடிதத்திலும் ஒரே கேள்விதான்: “அப்பா, நான் எப்ப வாறது?”

பூமத்திய ரேகைக்குத் தெற்கே குளிர் தொடங்கும் மே மாதத்தில்தான் கார் முதலில் மக்கர் பண்ணியது. ஜப்பானிலிருந்து வந்த பழைய டீசல் கார். அப்போது அது வெறும் இருமல் மாதிரி. டீசல் சரியில்லை என்று யாரோ சொல்ல, முதல் போத்தலை வாங்கினார். அதைக்கூட மகளுக்கு எழுதினார். ஆனால் மருந்து ஊற்ற ஊற்ற நோய் முற்றியது. ஓடும், நிற்கும், கால் மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி ஓடும்.

மனைவி அற்புதம் கராஜ் வாசலில், கவிழ்த்த பெயின்ட் வாளிமேல் உட்கார்ந்து செபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசைக்குப் புறப்படுமுன் காரிலும் கை வைத்துச் செபிப்பாள்.

“காரில கை வையாதை எண்டு எத்தினை தரம் சொன்னனான். செபத்துக்கு டீசல் கார் ஓடுமோ?” என்று அவர் ஏசுவார். அவள் செபத்தை முடித்துவிட்டுத்தான் காரில் ஏறுவாள்.

“அண்ணே, இங்க வந்து பாருங்க.”

பழனிவேலின் குரல் மாறியிருந்தது. டாங்கியைக் கழற்றித் தட்டில் கவிழ்த்திருந்தார். டீசலுக்குப் பின்னால் கஞ்சி மாதிரி ஏதோ வழிந்தது.

“மண்ணு. ஓடுறப்ப இது போயி குழாய் வாய அடைச்சிக்கும். காடி நிக்கும். நின்னதும் கீழ படிஞ்சிரும். திரும்ப ஓடும். பொடி மண்ணு பம்ப்பு வரைக்கும் போயி அறுத்துப்போட்டுருக்கு.”

“திங்கட்கிழமைக்குள்ள ஏலுமோ, தம்பி?”

“பம்ப்பு ஜப்பான்லேருந்து வரணும். மூணு வாரம் ஆகும் அண்ணே.”

நோபேட் காரின் பக்கவாட்டில் சாய்ந்துகொண்டார்.

“மண் டீசலை வித்துப்போட்டாங்கள். நான் போய்க் கேக்காமல் விடமாட்டன்.”

“அந்த ஸ்டேஷன்லதான் நானும் ஊத்துறேன். டீசல் சுத்தம். உங்க மருந்துலயும் தப்பில்ல.” பழனிவேல் தட்டில் விரலைத் தேய்த்துக் காட்டினார். “இந்த ஊரு மண்ணு கறுப்பு அண்ணே. இது செவப்பு. யாரோ வேணும்னே கையால போட்டிருக்காங்க. ஒரு தடவை இல்ல, பல தடவை. உங்களுக்கு ஆகாதவங்க யாராச்சும் இருக்காங்களா?”

நோபேட் யோசித்துப் பார்த்தார். ஷிப்டில் கூட நிற்பவர்கள், பக்கத்து வீட்டுக்காரர். ஒரு முகமும் பொருந்தவில்லை.

“எனக்கு ஆர் தம்பி எதிரி? என்ர பிள்ளை இஞ்ச வரக்கூடாதெண்டு நினைக்கிற பாவி ஆர்?”

செபமாலை தரையில் விழுந்த சத்தம் கேட்டது.

அற்புதம் எழுந்து வந்தாள். தட்டின் முன் குனிந்து, அந்தச் சேற்றை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு கைப்பையைத் திறந்து, போன கிழமை வந்த ரேச்சலின் கடிதத்தை அவர் பக்கம் நீட்டினாள். அது இரண்டு தாளாக வந்தது என்று அவருக்குத் தெரியாது. அவர் பார்க்காத அந்தத் தாளின் மடிப்பில் சிவப்பாகத் தூள் ஒட்டியிருந்தது.

“அம்மா, மடு மாதான்ர கோயில் மண் போட்டும் கார் நிக்குது எண்டு எழுதியிருந்தீங்கள். பாம்புக் கடிக்கே கேக்கிற மண், காருக்குக் கேக்காதோ? இந்த முறை கூடுதலா அனுப்பிறன். அப்பாவுக்குச் சொல்லாதேங்கோ, ஏசுவார். முழுக்க டாங்கிக்குள்ள போடுங்கோ. கார் ஓடினாத்தானே நான் வரலாம்.”