கடைசிப் பிள்ளையின் கை

அவர் தன் கல்மூக்கைத் தடவிப் பார்த்தார். பிடித்திருந்தது.

உண்மை மூக்கைவிடக் கொஞ்சம் எடுப்பாகவே செதுக்கியிருந்தான் சிற்பி.

சாவதற்கு முன்பே தன் கல்லறையைக் கட்டிப் பார்த்துவிடுவது அந்தக் காலத்து இங்கிலாந்துக் கனவான்களின் வழக்கம். செத்தபிறகு யாரை நம்புவது?

தேவாலயச் சுவரோரம் பளிங்கில் அவர் மண்டியிட்டிருந்தார். எதிரே பளிங்கு மனைவி. கீழே வரிசையாக மூன்று பிள்ளைகள்.

உயிருள்ள மனைவி பக்கத்தில் நின்றாள். அவள் கல்லறையைப் பார்க்கவில்லை. அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேற்றுதான் லண்டனிலிருந்து திரும்பியிருந்தார். நாடாளுமன்ற உறுப்பினர். ராஜாவே பேர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்கு வளர்ந்தவர். அவையில் இருமினாலும் ராஜாவுக்கு ஆதரவாகத்தான் இருமுவார்.

கடைசி மகன் அம்ப்ரோஸ் வேறு மாதிரி. ராஜாவை எதிர்த்துக் கிளம்பிய கூட்டத்தோடு போய்ப் பிடிபட்டான். லண்டன் சிறையில் கிடக்கிறான். தூக்குத் தண்டனை. ராஜா மனசு வைத்தால்தான் உயிர் உண்டு.

அப்பா ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

கேளுங்கள் என்று காலைப் பிடித்து அழுதுதான் அனுப்பிவைத்தாள். அவரும் தன் கைக்குட்டையால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டுத்தான் வண்டியேறினார்.

சிறையில் குளிருமே என்று மகனுக்குக் கம்பளிக் காலுறை பின்னினாள். ஒன்று முடிந்துவிட்டது. மற்றது பாதியில், ஊசியோடு, இப்போதும் அவள் பையில் இருந்தது.

நேற்று அவர் வண்டியிலிருந்து இறங்கியதும் கேட்டாள். நாளைக்குக் கோயிலுக்கு வா, அங்கே பேசலாம் என்றார்.

நல்ல சேதியைக் கடவுள் முன்னால் சொல்ல நினைக்கிறார் என்று எடுத்துக்கொண்டாள். பாவம்.

இப்போதுதான் பிள்ளைகளின் வரிசையைப் பார்த்தாள்.

இறந்த பிள்ளை என்றால் கையில் ஒரு சின்ன மண்டையோட்டைச் செதுக்கிவைப்பார்கள். இருக்கிற பிள்ளை என்றால் வெறுங்கை கும்பிட்டிருக்கும். அதுவும் வழக்கம்தான்.

மூத்தவன் ஐந்து வயதில் காய்ச்சலில் போனவன். கையில் மண்டையோடு.

அடுத்தவள் கட்டிக்கொடுத்த ஊரில் நன்றாக இருக்கிறாள். வெறுங்கை.

பிறகு அம்ப்ரோஸ். நெற்றியில் விழும் சுருள்முடிகூட அப்படியே வந்திருந்தது.

கையில் மண்டையோடு.

ஓரமாக நின்றிருந்த சிற்பி தொப்பியைக் கழற்றினான்.

"சின்னய்யா போனது ரொம்ப வருத்தம்மா. ஐயா லண்டன் கிளம்புற அன்னிக்கே சொல்லிட்டுப் போனாரு. அதான் முடிச்சு வச்சுட்டேன்."

கிளம்புகிற அன்றைக்கே.

ராஜாவிடம் அவர் கேட்கவே இல்லை. கேட்கப் போகவும் இல்லை. துரோகிக்குப் பரிந்து பேசியவன் என்ற பேர் வந்தால் அடுத்த பதவி கிடைக்காது. அவ்வளவுதான் கணக்கு.

"செத்துட்டானா?"

"இன்னும் இல்ல," என்றார். கல்மகனின் தோளில் ஒட்டியிருந்த தூளை ஊதிவிட்டார். "வெள்ளிக்கிழமை."

சிற்பி தொப்பியைக் கசக்கினான்.

அவள் அழவில்லை. தன் பளிங்கு உருவத்துக்கு முன்னால் போய் நின்றாள். கும்பிட்டபடி இருந்த அந்தக் கைகளைச் சிற்பிக்குக் காட்டினாள்.

"இங்கயும் ஒண்ணு வச்சிடுப்பா."

சிற்பி அவரைப் பார்த்தான்.

அவர் கோபப்படவில்லை. விவரம் தெரியாதவளுக்கு எடுத்துச்சொல்வதைப் போலப் பொறுமையாகத்தான் சொன்னார்.

"உயிரோட இருக்கறவங்களுக்கு அது வழக்கமில்ல."

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

பையிலிருந்து பாதிக் காலுறையை எடுத்தாள். வெள்ளிக்கிழமைக்குள் முடித்தாக வேண்டும்.