கிழக்கு வெயில்

“என்னங்க, வெயில் எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாருங்க!”

கமலவேணி அந்த வாட்டர்கலர் ஓவியத்தைக் கணவரின் முகத்துக்கு நேரே நீட்டினாள். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் பழைய நகராட்சி அலுவலகமான மேரி கட்டடம். வெள்ளைத் தூண்களிலும் பால்கனியிலும் மஞ்சள் வெயில் வழிந்து கிடந்தது.

கலியமூர்த்தி திரும்பவே இல்லை. மகன் பிரேம்குமாரைக் கடல் கொண்டுபோனதிலிருந்து மனிதர் மில்லுக்கும் போகாமல், சோற்றிலும் கை வைக்காமல் சுவரையே பார்த்துக் கிடந்தார்.

“படம் வரையறவனுக்கு என் வூட்டுல எடமில்ல” என்று அன்று சாயங்காலம் விரட்டியது அவர்தான். ராத்திரி முழுக்க அடித்தும் பிள்ளை செல்போனை எடுக்கவில்லை. மறுநாள் மத்தியானம் வீராம்பட்டினத்தில் கரை ஒதுங்கினான். தான் சொன்ன சொல் பொறுக்காமல் ராத்திரியே கடலில் இறங்கிவிட்டான் என்று அவர் மனதில் ஊறிப்போயிற்று. பிள்ளையோடு இவரையும் பறிகொடுத்துவிடுவோமோ என்று கமலவேணி ராத்திரியெல்லாம் அவர் பக்கத்திலேயே விழித்துக் கிடந்தாள்.

“மணல்ல கெடந்துச்சுன்னு போலீஸ்ல ஒரு பை குடுத்தாங்கல்ல, அதுல இருந்துச்சுப்பா. இன்னைக்குத்தான் தொறந்தேன்” என்றாள் மகள் மாலா, துப்பட்டாவில் கையைத் துடைத்தபடி. நகக்கண்ணெல்லாம் மஞ்சள். பாவம், அண்ணன் போனதிலிருந்து சமையல்கட்டு அவள் தலையில்தான்.

“கடலப் பாத்த செவுருங்க இது. காலையிலதான வெயில் வுழும்? சாயங்காலம் நெழலால்ல கெடக்கும்!” கமலவேணி விடவில்லை. “கோவமெல்லாம் தணிஞ்சு, புள்ள காலையில குந்திக்கினு ஆசையா வரைஞ்சிருக்கான். அப்புறம் குளிக்க எறங்கியிருக்கான், அலை இழுத்துடுச்சு. உங்க சொல்லால இல்லீங்க!” சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கலியமூர்த்தி ஓவியத்தைக் கையில் வாங்கினார். வெகுநேரம் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

“சோறு போடு” என்றார்.

கமலவேணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ரசம் விட்டுப் பிசைந்து அவர் நாலு வாய் சாப்பிடுவதைக் கண்குளிரப் பார்த்துவிட்டு, மோர் எடுக்க உள்ளே ஓடினாள். கடைசியாக ஒரு காலையாவது பிள்ளை மனம் ஆறியிருந்தானே என்று அவளுக்கும் நெஞ்சு லேசாகியிருந்தது.

மோரோடு திரும்பியவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். கலியமூர்த்தி மகளின் தலையைத் தடவியபடி, மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

“அண்ணன மாதிரியே வரைஞ்சிருக்க, பாப்பா.”