இரண்டாம் பாகத்துக்காரி

டி.வி. திரையில் தீனாவின் சிவப்பு முகமூடிக்காரன் மண்ணில் முட்டி போட்டபோது, பானுப்ரியா கடைசி அடியை உடனே அடிக்கவில்லை.

கொஞ்சம் காத்திருந்தாள். பக்கத்தில் இருந்த தீனாவின் முகத்தைத் திரும்பிப் பார்க்க ஆசையாக இருந்தது.

பார்த்தாள். பிறகு அடித்தாள்.

மீனவர் சங்கக் கட்டடமே அதிர்ந்தது. தடைக்காலம் என்பதால் கடலுக்குப் போகாமல் கிடந்த ஊரில் பாதி, டி.வி. முன்னால்தான் உட்கார்ந்திருந்தது.

வஜ்ரா என்ற வீடியோ சண்டை விளையாட்டு அந்த ஊரை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தது. கல்யாணமானவர்கள் எல்லாம் அதன் இரண்டாம் பாகம். பள்ளிக்கூடத்தைக் கட் அடித்துவிட்டுப் பொன்னேரி கேம் கடையில் பட்டனைத் தேய்த்து வளர்ந்தவர்கள். அண்ணனோடு போய் அந்தக் கடையில் ஆடிய ஒரே பெண் பானுப்ரியா.

இளவட்டங்கள் ஏழாம் பாகம். போனிலேயே ஆடலாம். முகம் தெரியாதவனோடும் மோதலாம்.

ஒரு பட்டனை அமுக்கினால் பத்து அடி தானாக விழுகிறதே, இதெல்லாம் ஒரு ஆட்டமா என்பார்கள் பழையவர்கள். உங்கள் ஆட்டத்தில் ஆள் மூஞ்சியே கட்டம் கட்டமாகத்தானே தெரிகிறது என்பார்கள் புதியவர்கள். டீக்கடையில் இதற்காக ஒருமுறை கிளாஸ் உடைந்திருக்கிறது.

தீனா அவள் கணவன் துளசிங்கத்தின் தம்பி. ஒரே வீடு. ஏழாம் பாகத்துக்காரர்களுக்கு அவன்தான் தலைவன்.

போன மழைக்காலத்தில் ஒருநாள், சும்மா ஆடிப் பார் அண்ணி என்று அவளை இழுத்து உட்கார வைத்தான். புது ஆட்டம் பிடிபடவில்லை. வந்த வேகத்தில் தோற்றாள். வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்த அவள் முகத்தைப் படமெடுத்து, கீழே ‘செகண்ட் பார்ட் ஆயா’ என்று எழுதி, வாட்ஸ்அப் ஸ்டிக்கராக்கி ஊருக்கு விட்டுவிட்டான்.

மீன் ஏலம் விடும் இடத்தில் அதைக் காட்டிச் சிரித்தார்கள். பொன்னேரி மார்க்கெட்டில் அவளிடம் இறால் வாங்கும் ஓட்டல்காரன் காலை வணக்கத்துக்குப் பதிலாக அதையே அனுப்பினான். கடைசியில் மகளின் பள்ளிக்கூட குரூப்பிலும் வந்து நின்றது.

“ஏம்மா, நீ ஏன் அப்டி வாயத் தொறந்த?” என்று கேட்டுவிட்டு மகள் அன்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

அழித்துவிடு என்று பானுப்ரியா தீனாவிடம் சொன்னாள்.

“தமாசு அண்ணி. இதுக்குப் போயி இன்னா?” என்றான் அவன்.

அந்தக் கேள்வியை அவள் மறக்கவில்லை. பழைய ஆட்டத்தில் அவனை ஜெயித்துப் பிரயோசனமில்லை. அவனுடைய ஆட்டத்தில், ஊர் பார்க்க, அவன் கண் கலங்க வேண்டும்.

இன்று கலங்கியிருந்தது.

தோற்றவன் சொல்ல வேண்டிய வாசகம் முன்பே பேசி வைத்தது. பழையவர்களில் மூத்தவரான தேவேந்திரன் விசில் அடித்துக் கூட்டத்தை அடக்கினார்.

“சொல்லு. கடைசியில நிக்கறவனுக்கும் கேக்கணும்,” என்றாள் பானுப்ரியா.

“வஜ்ரா ரெண்டு தான் கெத்து,” என்றான் தீனா. குரல் உடைந்தது. “நான் எம்பறதுக்கு முன்னாடியே ஒனக்கு எப்டி அண்ணி தெரியுது?”

“ஆயாவுக்குத் தெரியாததா?”

கட்டடம் சிரித்தது. அந்தச் சிரிப்பு ஓய்வதற்குள் அவனைப் படம் எடுத்தாள். உதடு துடித்துக்கொண்டிருந்தது. நல்ல படம்.

அவன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வெளியே ஓடினான்.

ஸ்டிக்கருக்குக் கீழே என்ன எழுதுவது என்று யோசித்தபடி அவளும் வாசலுக்கு வந்தாள். கையில் போன் அதிர்ந்தது. ஏழாம் பாக ஆட்டத்துக்குள்ளேயே, காட்டூர் மனோஜ் என்ற பெயருக்கு ஒரு செய்தி.

காட்டூரில் அப்படி ஒரு மனோஜ் கிடையாது. இறால் விற்றுத் தீர்ந்ததும் பொன்னேரி ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, அந்தப் பெயரில் தினமும் தீனாவோடு ஆடிக்கொண்டிருந்தவள் இவள்தான். நெல் பயிர் வைக்கிற வீட்டுப் பையன், போன் மைக் ரிப்பேர், பேச முடியாது என்று சொல்லி வைத்திருந்தாள். வேண்டுமென்றே தோற்றுத் தோற்று, அவன் எப்போது எம்புவான், எப்போது பதுங்குவான் என்று மனசில் ஏற்றிக்கொண்டாள்.

அதையும் இன்று எல்லார் முன்னாலும் சொல்லி முடிக்கத்தான் நினைத்திருந்தாள். அதற்குள் ஓடிவிட்டான்.

செய்தியைத் திறந்தாள்.

‘தோத்துட்டேன் மச்சி. அண்ணிகிட்ட. ஊரே சிரிக்குது. வூட்டுக்குப் போவவே கூச்சமா கீது. எனக்குன்னு நீ ஒருத்தன்தான். இருக்கியா?’

நிமிர்ந்து பார்த்தாள். மணலில் கவிழ்த்துப் போட்ட படகின் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தலை குனிந்து, போனையே பார்த்துக்கொண்டிருந்தான். பதிலுக்குக் காத்திருக்கிறான்.

‘அந்த மனோஜே நான்தான்டா’ என்று அடித்தாள். அனுப்பும் பட்டன் மேல் விரல் நின்றது.

மகள் சாப்பிடாமல் படுத்தது ஞாபகம் வந்தது. அப்படியும் விரல் இறங்கவில்லை.

ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். வேறு ஏதாவது சொல்ல வேண்டும், அவனுக்கு உபயோகமாக. அவசரமாக அடித்து அனுப்பினாள்.

‘உடு மச்சி. ஒங்க அண்ணி எம்பி எறங்கும்போது இடது பக்கம் காவலே வெக்காது. அங்க அடி. நாளைக்கே திரும்பக் கூப்புடு.’

படகோரம் தீனா படித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தான்.

காட்டூர் மனோஜ், தீனாவின் அண்ணி ஆடுவதைப் பார்த்ததே இல்லை.

அது அவளுக்கு உறைத்தபோது, தீனா தலையைத் தூக்கி வாசலைப் பார்த்துவிட்டிருந்தான்.